வெள்ளை தெரிந்தால் துரு போய்விட்டதா?

ஏரல் பஜாரில் நின்று கேளுங்கள், குரும்பூரில் கேளுங்கள், முக்காணியில் கேளுங்கள். பழைய வண்டியின் துருவைப் பற்றி எந்த டிங்கரிங் பட்டறையிலும் ஒரே தீர்ப்புதான் வரும். "வெள்ளை தெரியணும் அண்ணாச்சி. வெள்ளை தெரிஞ்சிட்டா துரு போயிட்டுன்னு அர்த்தம்." அந்த வெள்ளையைக் கொண்டுவர ஆங்கிள் கிரைண்டரில் கிரைண்டிங் வீலை மாட்டுகிறார்கள். கொஞ்சம் விவரமானவர் என்றால் 40 நம்பர் பிளாப் டிஸ்க். தீப்பொறி பறக்கிறது, தகடு மின்னுகிறது, சாயங்காலத்துக்குள் அதன் மேல் ரெட் ஆக்சைடு ஏறிவிடுகிறது. வண்டிக்காரரும் அந்த மினுமினுப்பைப் பார்த்து மனம் நிறைந்து பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அதே இடத்தில் பெயின்ட் கொப்புளித்து எழும்பும். அப்போது, "உப்புக்காத்து ஊருல்லா, துரு வரத்தான் செய்யும்" என்று பழியைக் கடலின் மேல் போட்டுவிடுகிறோம்.

இந்தத் தீர்ப்பு முழுக்கத் தவறு என்பது என் கட்சி. மின்னுவது துரு போனதற்கு அடையாளம் ஆகாது. மேலே இருந்த நல்ல இரும்பு சீவப்பட்டதற்கு மட்டுமே அடையாளம். கெட்டியான டிஸ்க்கைப் போட்டு அழுத்தித் தேய்க்கிறவர் காப்பாற்ற வேண்டிய தகட்டைத் தின்றுவிட்டு, அகற்ற வேண்டிய உப்பை உள்ளேயே விட்டுவிடுகிறார். டிஸ்க்கைத் துருவின் கனத்தைப் பார்த்து எடுக்கக் கூடாது, அடியில் மிச்சமிருக்கும் தகட்டின் கனத்தைப் பார்த்து எடுக்க வேண்டும். எந்த டிஸ்க்கை எடுத்தாலும் அதோடு வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

ஏரலைப் பொறுத்தவரை இது வெறும் பொழுதுபோக்கு விவாதம் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தார் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை கடந்து ஏரல் கடைவீதிக்குள் வந்தது. ஊர் தீவாகிப் போனது. ஸ்கூட்டர், லோடு ஆட்டோ, வேன், டிராக்டர் என்று வாசலில் நின்றவை எல்லாம் நீருக்குள் கிடந்தன. ஆற்று வெள்ளம் உப்பு நீர் அல்ல. ஆனால் அது கதவுக்குள்ளும் சேசிஸ் பெட்டிக்குள்ளும் விட்டுப்போன வண்டல் மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஏற்கெனவே அங்கே ஒட்டியிருந்த உப்புக்கு அந்த ஈரம் போதும். அன்று மூழ்கிய வண்டிகளில் எஃப்.சி.க்காகவும் விற்பனைக்காகவும் அவசரமாகத் தேய்த்துப் பெயின்ட் அடித்தவை இன்னும் சாலையில் ஓடுகின்றன. அவற்றின் அடிப்பாகத்தைக் குனிந்து பார்க்கிற எவருக்கும் நான் சொல்வது புரியும்.

முதலில் தகட்டின் கணக்கைப் பார்ப்போம். இன்றைய காரின் வெளித்தகடு ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது; 0.7, 0.8 தான். துரு இதில் கால் பங்கைத் தின்றிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 0.6. தகட்டின் விறைப்பு அதன் கனத்தின் முப்படியாகக் குறையும் என்பது பொறியியல் மாணவர் யாரும் அறிந்த கணக்கு. கனம் கால் பங்கு போனால் விறைப்பு பாதிக்கு மேல் போய்விடும். நூற்றுக்கு 42 தான் மிஞ்சும். இந்த நிலையில் இருக்கும் தகட்டின் மேல் ஆறு மில்லிமீட்டர் தடிமனுள்ள கிரைண்டிங் வீலை வைத்து இன்னொரு 0.2 மில்லிமீட்டரைச் சீவினால் நிலைமை என்ன? கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போய் "டொக்" என்று திரும்பும் தகடுதான் கிடைக்கும். பட்டறையில் அதன் மேல் பட்டி போட்டு, தேய்த்து, வழவழப்பாக்கிக் கொடுத்துவிடுவார்கள். அங்கே வண்டியைத் தாங்குவது இரும்பு அல்ல, பட்டி.

"அது புது காருக்கு. அம்பாசடர் தகடு அப்படியா? பழைய ஜீப் தகடு அப்படியா? எவ்வளவு தேச்சாலும் தாங்கும்" என்பார்கள். அந்தக் காலத் தகடு கனமானதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கனம் வண்டி ஆலையை விட்டு வந்த நாளின் கனம். அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. மாருதி 800-ம் அதே ஆண்டோடு போயிற்று. அவற்றில் கடைசியாக வந்த வண்டிக்கே பத்து வயது தாண்டிவிட்டது. அவற்றில் பெரும்பாலானவை துத்தநாகப் பூச்சு இல்லாத வெறும் தகடு. துரு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. கதவின் அடிமடிப்பிலும் படிக்கட்டுப் பெட்டியிலும் உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியே ஒரு ரூபாய் அளவு கொப்புளம் தெரியும்போது உள்பக்கத்தில் உள்ளங்கை அளவு கரைந்திருக்கும். மிச்சக் கனம் எவ்வளவு என்று தெரியாமல் "பழைய தகடு தாங்கும்" என்று கெட்டி டிஸ்க்கை வைப்பது, இருப்பு எவ்வளவு என்று பார்க்காமல் காசோலை எழுதுவது. ஒரு சிறு சுத்தியலின் பின்புறத்தால் தட்டிக்கொண்டே போனால் எங்கே ஓசை மங்குகிறது என்று காது சொல்லிவிடும். அந்த ஒரு நிமிடத்தைக் கூடச் செலவிடாமல்தான் கிரைண்டரை எடுக்கிறோம்.

கனம் போவதோடு சூடும் ஏறுகிறது. நான்கு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றுகிறது. டிஸ்க்கின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் தகட்டை உரசுகிறது. கெட்டியான சக்கரத்தை ஒரே இடத்தில் அழுத்தினால் தகட்டில் நீல நிறம் படரும். இரும்பு நீலம் காட்டுகிறது என்றால் அது 300 பாகைச் சூட்டைத் தொட்டிருக்கிறது. பெரிய பரப்பான பானெட், கூரை, கதவு ஆகியவை அந்தச் சூட்டில் நெளிந்துவிடும். பிறகு எந்த டிங்கர் வந்தாலும் பழைய மட்டத்துக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. 40 நம்பர் பிளாப் டிஸ்க் போடுகிறவர்களுக்கு வேறொரு கேடு காத்திருக்கிறது. 40 நம்பர் மணலின் பருமன் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். அது தகட்டில் உழுத கோடுகளின் முகடுகள், மேலே பூசுகிற ஒரு கை பிரைமரை விட உயரமாக நிற்கும். பிரைமர் பள்ளத்தில் வழிந்து தங்கும், முகடு வெறுமையாக நிற்கும். துரு அங்கிருந்து கோடு கோடாகத் தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள்.

பிறகு எதைத்தான் போடுவது? தகட்டுக்கு என் முதல் தேர்வு, கடைக்காரர்கள் ஸ்ட்ரிப் டிஸ்க் என்று கொடுக்கும் அந்தக் கறுப்பு, நீலம், ஊதா நிறச் சக்கரம். கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் ஊடே பார்க்கலாம். நைலான் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், இழை முழுக்கச் சிலிக்கான் கார்பைடு மணிகள் ஒட்டியிருக்கும். வீட்டில் பாத்திரம் துலக்கும் பச்சை ஸ்க்ரப்பரின் அண்ணன் அது. விரலால் அழுத்தினால் அமுங்கும். அமுங்குவதுதான் அதன் சிறப்பு. பெயின்டையும் செதில் துருவையும் பிடுங்கி எறியும். நல்ல இரும்பு எதிர்ப்பட்டதும் அதை வெட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும். இழைகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் பெயின்ட் உருகி அடைத்துக்கொள்வதும் குறைவு, சூடும் குறைவு. கூர்மையான விளிம்பில் வைத்தால் பிய்ந்துவிடும் என்பது அதன் குறை. ஆகவே கதவு விளிம்பில் டிஸ்க்கை விளிம்புக்கு வெளியே போகிற திசையில் ஓட்ட வேண்டும், உள்ளே வருகிற திசையில் ஓட்டக் கூடாது. அதன் அனுமதி வேகம் அதன் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். டிரில்லில் மாட்டுகிற தண்டு வைத்த வகையைக் கிரைண்டர் வேகத்தில் சுற்றவே கூடாது.

கப் பிரஷ் என்கிற கம்பிப் பிரஷைப் பற்றி நம்மிடையே பெரிய நம்பிக்கை இருக்கிறது. "கம்பி இரும்பைத் தின்னாதுல்லா?" தின்னாது, சரி. ஆனால் கெட்டித் துருவின் மேல் ஓடும்போது துருவை எடுக்காமல் அதையே மெருகேற்றிவிடும். கரும்பழுப்பாகப் பளபளக்கும் அந்தப் பரப்பைப் பார்த்து வேலை முடிந்தது என்று ஏமாறுவோர் பலர். நகத்தால் சுரண்டினால் வழுக்கும். உளியால் கீறினால் செதிலாக வரும். மூலை, மடிப்பு, போல்ட்டைச் சுற்றிய இடம் ஆகியவற்றுக்கு முறுக்குக் கம்பிப் பிரஷ் நல்ல துணை. அகன்ற பரப்புக்கு அதை நம்பக் கூடாது. அதிலிருந்து தெறிக்கும் கம்பி ஊசி போலப் பாயும் என்பதால் கண்ணாடி இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

கிரைண்டிங் வீலுக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. வெல்டிங் மேட்டைச் சமன் செய்ய அதுதான் சரி. பல மில்லிமீட்டர் கனமுள்ள லாரி சேசிஸில் அடுக்கடுக்காகக் கட்டிய துருவை முதலில் சிப்பிங் சுத்தியலால் தட்டி உதிர்த்துவிட்டு, பிறகு 60, 80 நம்பர் பிளாப் டிஸ்க்கைச் சாய்வாக ஓட்டுவதிலும் பிழையில்லை. அந்த வேலைக்கு உரிய சக்கரத்தைக் கதவுத் தகட்டில் வைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். மேலே சொன்னதை எல்லாம் ஒப்புக்கொள்கிற பட்டறைக்காரர்கள் கூட இங்கே வந்ததும் தலையை ஆட்டிவிடுகிறார்கள்.

தூத்துக்குடி மாவட்டம் உப்பு விளைச்சலுக்குப் பேர்போனது. முள்ளக்காடு, பழையகாயல், ஆறுமுகநேரி என்று கடலோரம் நெடுக உப்பளங்கள். அந்த உப்பை ஏற்றும் லாரியிலிருந்து ஒழுகும் தண்ணீர் சாலையில் விழுகிறது, பின்னால் வரும் வண்டியின் அடியில் தெறிக்கிறது. கடலிலிருந்து வரும் கொண்டல் காற்றிலும் உப்பு இருக்கிறது. சாப்பாட்டு உப்பான சோடியம் குளோரைடு, காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தொட்டால்தான் தானாக நீரை இழுத்துக் கசியும். கடல்நீரில் அதோடு கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு 33 விழுக்காட்டிலேயே கசியத் தொடங்கிவிடும். நம் கடற்கரையில் காற்று அதை விட வறண்டு போவது அபூர்வம். அதாவது உப்புப் படிந்த தகடு மழை இல்லாத சித்திரை வெயிலிலும் நனைந்துகொண்டே இருக்கிறது, நம் கண்ணுக்குத் தெரியாமல்.

அந்த உப்பு எங்கே போய் உட்காருகிறது? துரு தோண்டிய குழிகளின் அடியில். குளோரைடு இரும்பைக் கரைத்து, அந்த இரும்பு துருவாக மாறியதும் விடுபட்டு, மறுபடி அடுத்த இரும்பைக் கரைக்கப் போகிறது. அது செலவாவதே இல்லை. கிரைண்டிங் வீல் ஓடிய தகட்டை வெயிலில் சாய்த்துப் பிடித்து, கடிகாரம் பழுது பார்க்கிறவர் கண்ணில் வைக்கும் உருப்பெருக்கி வழியே பாருங்கள். மின்னும் பரப்புக்கு நடுவே கறுப்புப் புள்ளிகள் தெரியும். சில குழிகளின் வாயைச் சக்கரமே இரும்பை இழுத்து மூடியிருக்கும். அந்தத் தகட்டில் நல்ல தண்ணீரைப் பனி போலத் தெளித்து ஓர் இரவு விட்டுவையுங்கள். காலையில் மற்ற இடத்தில் மெல்லிய சாயம் மட்டும் இருக்க, ஒவ்வொரு கறுப்புப் புள்ளியைச் சுற்றியும் செம்மஞ்சள் வளையம் கட்டியிருக்கும். "வெள்ளை தெரிஞ்சிட்டு" என்று சொன்ன தகடு அது. மேலே பூசுகிற ரெட் ஆக்சைடு இந்தக் குழிகளை மூடி வைக்கிறது, அவ்வளவுதான். ஈரம் பெயின்ட் வழியாக மெல்ல ஊடுருவும், உப்பு அதை இழுக்கும், துரு இரும்பைப் போல் பல மடங்கு பருமன் ஆகையால் பெயின்டை உள்ளிருந்து தள்ளும். கொப்புளத்தின் கதை இதுதான்.

கப்பல் துறையில் இதை எப்போதோ தெரிந்துகொண்டார்கள். பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2006-ல் கொண்டுவந்த தரவிதிப்படி, கப்பலின் நிலைநீர்த் தொட்டிக்குள் பூச்சு பூசும் முன் இரும்பின் மேல் ஒரு சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் கரையும் உப்பு இருக்கக் கூடாது. ஒரு சிட்டிகை உப்பில் சிறு பங்குதான் அது. தகட்டில் ஒரு சிறு ஒட்டுப்பையை ஒட்டி, அதற்குள் தூய நீரை ஊசியால் ஏற்றி இழுத்து, அந்த நீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்று அளந்து பார்க்கிறார்கள். தூத்துக்குடி துறைமுகத்துக்கு வந்து போகும் கப்பல்களில் பலவற்றின் தொட்டிகள் இப்படி அளந்து பூசப்பட்டவை. அந்தத் துறைமுகச் சாலையிலேயே ஓடும் லாரிக்கும் காருக்கும் மட்டும் கண்ணால் பார்த்த வெள்ளை போதுமென்கிறோம்.

இன்னும் பக்கத்தில் ஒரு சான்று உண்டு. ஏரலுக்கு அருகே சிவகளையில் தாழிகளோடு கிடைத்த இரும்புப் பொருள்கள், கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டுக்குப் போகின்றன என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2025 ஜனவரியில் அறிவித்தது. மண்ணுக்குள் கிடந்த இரும்பைக் காப்பவர்கள் உலகெங்கும் முதலில் அஞ்சுவது குளோரைடுக்குத்தான். அது உள்ளே இருக்கும் வரை வெளியே எடுத்த பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே வெடித்து உதிரும். ஆகவே காரக் கரைசலில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஊற வைத்து உப்பை இழுக்கிறார்கள். அவர்களில் எவரும் மினுமினுப்பைத் தேடுவதில்லை.

வண்டிக்கு அவ்வளவு தேவையில்லை. கழுவினால் போதும். "வெறும் தகட்டுல தண்ணியா? துருவுக்குத் தாயே தண்ணிதானே?" என்ற கேள்வி உடனே வரும். இந்த அச்சம்தான் மொத்தச் சிக்கலுக்கும் வேர். கழுவி உடனே உலர்த்திய தகட்டில் வருவது மேலாக ஒரு செம்பூச்சு. ஸ்ட்ரிப் டிஸ்க்கை ஒரு முறை லேசாக ஓட்டினால் போய்விடும். கழுவாத குழியில் இருப்பது ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும் உப்பு. இரண்டையும் ஒரே துருவாகப் பார்ப்பது பெரும் பிழை. டிஸ்க் ஓட்டி முடித்ததும் சோப்புக் கரைசலும் கெட்டி பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். தாமிரபரணிக் குடிநீர் இதற்குப் பொருத்தம். கடலை ஒட்டிய ஊர்களின் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதால் கழுவுவது உப்பை எடுத்துவிட்டு உப்பை வைப்பது. துடைத்து, வெந்நீர் ஊற்றியோ ஹாட் ஏர் கன் காட்டியோ வெயிலில் நிறுத்தியோ உலர்த்தி, மறுபடி மேலாகத் தேய்த்து, அன்று பொழுது சாய்வதற்குள் எபாக்சி பிரைமர் ஏற்றிவிட வேண்டும். ரெட் ஆக்சைடு மலிவானது, நிறம் நம்பிக்கை தரும். ஆனால் ஈரத்தைத் தடுப்பதில் எபாக்சிக்குப் பக்கத்தில் நிற்காது. குழி ஆழமாக இருந்தால் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கியைத் தடவி, அதையும் கழுவிவிட்டுத்தான் பிரைமர். துருவைக் கறுப்பாக மாற்றும் திரவங்கள் விற்கின்றன. அவற்றில் பலவற்றின் வேலை, கடுக்காயும் இரும்பும் சேர்ந்து கறுப்பதைப் போன்ற டானின் வேலைதான். மெல்லிய துருவுக்கு அவை உதவும். குழியடி உப்பை அவை தொடுவதில்லை.

"இதெல்லாம் கட்டுப்படியாகாது" என்பது கடைசி வாதம். கிரைண்டிங் வீலை விட ஸ்ட்ரிப் டிஸ்க் பல மடங்கு விலை, சீக்கிரம் தேய்ந்தும் போகும். மறுக்கவில்லை. ஆனால் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அதே கதவைத் தேய்த்துப் பட்டி போட்டுப் பெயின்ட் அடிக்கும் கூலியையும், கடைசியில் தகட்டையே வெட்டிப் புதுத் துண்டு வைத்து வெல்டு பண்ணும் கூலியையும் சேர்த்து எழுதிப் பாருங்கள். மலிவு எது என்று அந்தத் தாளிலேயே தெரியும். கிடைக்காது என்பதும் சாக்குதான். சென்னையில் 1954-ல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் முதல் எத்தனையோ நிறுவனங்கள் சாணைப் பொருள்கள் செய்யும் நாடு இது. வாடிக்கையாளர் கேட்காததால் சிறு ஊர்க் கடையில் வாங்கி வைப்பதில்லை. கேட்டால் தூத்துக்குடியிலிருந்து மறுநாளே வந்துவிடும்.

கெட்டி டிஸ்க்கை மட்டுமே நம்புகிறவர்கள் அந்த டிஸ்க்கையாவது பார்த்து வாங்குகிறார்களா? நடுத்துளையைச் சுற்றியிருக்கும் உலோக வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். தரமான சக்கரத்தில் மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். பிசினால் கட்டிய சக்கரத்துக்குப் பொதுவாக மூன்று ஆண்டுதான் ஆயுள், ஈரக்காற்றில் அந்தப் பிசின் இன்னும் விரைவாக வலுவிழக்கும். காலாவதியான சக்கரத்தை, காவல்மூடி கழற்றிய கிரைண்டரில் மாட்டி, கட்டிங் வீலின் பக்கவாட்டால் துரு தேய்க்கும் பையன்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. உடைந்த துண்டு போகும் வேகத்தை மேலே சொன்னேன். தூசியும் சாதாரணத் தூசி இல்லை. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அது வீட்டுப் பெயின்டுக்கு மட்டும்தான், வண்டிப் பெயின்டுக்கு இல்லை. பழைய வண்டியின் மஞ்சள் பிரைமரில் குரோமேட்டும் இருக்கலாம். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டால் போதாது, வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும். குழந்தைகள் விளையாடும் வாசலில் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

வெளித்தகடு முடிந்த பிறகும் டிஸ்க் எட்டாத இடங்கள் இருக்கின்றன. புள்ளி வெல்டிங்கில் ஒட்டிய இரண்டு தகடுகளின் இடுக்கு, படிக்கட்டுப் பெட்டியின் உள்பக்கம், 2023 வண்டல் இன்னும் தங்கியிருக்கும் சேசிஸ் குழாய். அங்கே குழாயை நுழைத்து நல்ல தண்ணீரைப் பீய்ச்சி, வெளியே வருகிற நீர் தெளியும் வரை விட்டு, பல நாள் வெயிலில் காயவைத்து, உள்ளே மெழுகு கலந்த காப்பு எண்ணெயைத் தெளிக்க வேண்டும். கதவின் அடிவிளிம்பில் வடிகால் துளைகள் உண்டு. பழைய பட்டியும் அண்டர்கோட்டிங்கும் அவற்றைப் பெரும்பாலும் அடைத்திருக்கும். கிரைண்டரைக் கையில் எடுப்பதற்கு முன்பே அவற்றைக் கம்பியால் குத்தித் திறந்துவிடச் சொல்லுங்கள்.